திரவங்களுக்கு ஆள் பிடித்த கோடை

வாயுவை வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் பறக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். திடப்பொருளும் அப்படித்தான். எல்லாம் வரிசையாக நிற்கிறது, ஒரு மூலையைப் பார்த்தால் மொத்தத்தையும் சொல்லிவிடலாம். நடுவில் கிடக்கிற திரவத்துக்குத்தான் தொடங்குவதற்கு ஓர் இடமே கிடையாது. நெரிசல் உண்டு, ஒழுங்கு இல்லை. எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு வகுப்பில் இதைக் கேட்டேன். அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை. பிறந்ததிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறோம், அது ஏன் இப்படி ஓடுகிறது என்று முழுதாகச் சொல்ல ஒரு நல்ல கோட்பாடு இல்லையா? இல்லையென்றால் நான் எதற்கு இருக்கிறேன்?

அந்த வேகத்தில் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் வாங்கினேன். ஆறு வருடம் கிளிசரால் என்கிற கெட்டியான திரவத்தோடு இருந்தேன். கையால் தொட்டதில்லை. கணினிக்குள் சில ஆயிரம் மூலக்கூறுகளைப் போட்டு, மெல்ல மெல்லக் குளிர்விப்பது, அவை எந்தக் கட்டத்தில் நகர முடியாமல் திணறுகின்றன என்று பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. திருச்செந்தூர் போகிற வழியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்கு வருகிறவர்கள் விசாரிப்பார்கள்.

"மவன் என்ன படிக்கான் அண்ணாச்சி?"

"தண்ணியப் பத்திப் படிக்கான்."

"போர் போடுததுக்கா?"

"இல்ல. சும்மா."

அந்த 'சும்மா'வை அப்பா கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் அதுதான் சரியான பதில். நான்தான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எண்ணெய் டின்னைக் காட்டி விளக்கம் சொல்லி அவர் வியாபாரத்தைக் கெடுப்பேன்.

பட்டம் வாங்கிய பிறகு வெளிநாட்டில் ஒரு குழுவில் சேரச் சொன்னார்கள். பெட்டி வாங்கிவிட்டேன். பிறகு, தங்களுக்கு வரவேண்டிய நிதி வரவில்லை, மன்னிக்கவும் என்றார்கள். அடுத்த இடமும் அப்படியே. அரசுக் கல்லூரிகளில் ஆள் எடுப்பார்கள் என்று வருடக்கணக்கில் பேச்சு இருந்தது, எடுக்கவில்லை. கடைசியில் தூத்துக்குடிக்கு வெளியே, துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் போகிற சாலையில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். காலையில் மேசையைத் துடைத்தால் மதியம் விரலால் பெயர் எழுதலாம்.

வேதியியல் துறையில் நாங்கள் இரண்டே பேர். துறைத் தலைவி மேடம், நான். மேடம் அந்தக் கல்லூரி தொடங்கின காலத்திலிருந்து இருக்கிறார். எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை, வாயில் யாருக்காவது ஒரு குத்தல்.

எனக்கு ஒரே ஒரு கதவு மிச்சம் இருந்தது. கல்லூரிகளில் வேலை செய்யும் இளம் ஆசிரியர்களுக்கு அரசு தரும் ஆராய்ச்சி நிதி. கிடைத்தால் ஒரு நல்ல கணினி வாங்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிபந்தனை ஒன்றுதான்: விண்ணப்பிக்கிறவர் வேதியியல் நடக்கிற ஒரு கல்லூரியில் பணியில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதி வைத்திருந்தேன். எழுதியதை நானே படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். அப்படி ஒரு கிறுக்கு.

ஏப்ரலில் மேடம் ஒரு கட்டு நோட்டீஸை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, நாளையிலருந்து ஆள் பிடிக்கப் போணும்."

விஷயம் இதுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்களே வீடு வீடாகப் போக வேண்டும். எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் கோடை முழுக்க இதுதான் வேலை. வேதியியலுக்கு முதலாம் ஆண்டில் பதினைந்து பேராவது சேராவிட்டால் அந்த வருடம் வகுப்பு கிடையாது. அதன் பிறகு துறையும் கிடையாது. போன வருடம் தட்டுத் தடுமாறித் தேறியது. சேர ஒத்துக்கொண்ட பிள்ளையிடம் பள்ளியில் தந்த ஒரிஜினல் டி.சி.யை வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. டி.சி. நம் அலமாரியில் இருந்தால் பிள்ளை நம் பிள்ளை.

"இது தப்பில்லையா மேடம்?"

"தப்புதான். பக்கத்துக் காலேஜ்காரன் நேத்தே ஆலந்தலைக்குப் போயிட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க."

போனோம். ஆறுமுகநேரி, ஆலந்தலை, பிறகு வடக்கே. மேடம் வீட்டுக்குள் நுழைகிற விதமே வேறு. வாசலில் நின்று "யம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்பார். தண்ணீர் வருவதற்குள் அந்த வீட்டில் யார் என்ன படிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கல்லூரி பஸ் தெரு முனைக்கே வரும், சாயங்காலம் விளக்கு வைக்குமுன் பிள்ளை வீட்டில் இருக்கும், பெண்களுக்குத் தனி ஓய்வறை உண்டு. இதைத்தான் சொல்வார். என் முறை வந்தால் நான் மூலக்கூறுகளில் இறங்கிவிடுவேன்.

மூன்றாவது நாள் பஸ்ஸில் வைத்து மேடம் சொன்னார். "தம்பி, காலேஜப் பத்திச் சொல்லுங்க. பாடத்தப் பத்திச் சொல்லாதீங்க. பாடம் எல்லாக் காலேஜ்லயும் இருக்கு."

"ஆர்வம் வரணும்லா மேடம்?"

"அது வந்துதுன்னா வெவகாரம். நமக்கு ஆள் வந்தாப் போதும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் எங்களுக்குப் பதினான்கு பேர். அன்றைக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் வேம்பாருக்குப் போனோம். வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைக்கிறது, பஸ்ஸில் மேடம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிறார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் சொல்லி அனுப்பிய வீடு அது. அம்மா உப்பளத்துக்குப் போகிறவர், அப்பா நாட்டுப் படகில் தொழிலுக்குப் போகிறவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். கதவில் சாய்ந்து நின்றுகொண்டு எங்கள் நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க என்ன சார் படிச்சிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரி. திரவங்களப் பத்தி."

"அதுல என்ன இருக்கு படிக்க?"

மேடம் என் கையில் குடையால் லேசாகத் தட்டினார். நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன், நிற்கவில்லை.

"உங்க கோயில் திருவிழாக் கூட்டத்துல நடுவுல நின்னுருக்கியா?"

"ம்."

"உன்னை இடிச்சிட்டு நிக்கவங்க யாருன்னு தெரியும். அவங்களுக்கு அந்தப் பக்கம் நிக்கவங்களை ஓரளவு தெரியும். அதுக்கு அப்புறம்?"

"வெறும் தலைதான் தெரியும்."

"அவ்வளவுதான் திரவம். ஒரு மூலக்கூறு மேல உக்காந்து பாத்தா ரெண்டு மூணு சுத்துக்குத்தான் ஒழுங்கு இருக்கும். அதுக்கு மேல எல்லாம் ஒண்ணுபோலத்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கூட்டத்துல நம்ம மட்டும் நகரணும்னு நெனச்சா நகர முடியாது. பக்கத்துல உள்ளவ்வொளும் நகரணும். அவ்வொ நகரணும்னா அவ்வொளுக்குப் பக்கத்துல உள்ளவ்வொ..."

நான் எழுந்து நின்றுவிட்டேன். கிளிசரால் குளிரும்போது நடப்பது இதுதான். ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் இருப்பவற்றின் கூண்டில் அடைபட்டிருக்கும். தனியாக வெளியே வர முடியாது, ஒரு கும்பலே சேர்ந்து அசைய வேண்டும். அந்தக் கும்பல் எவ்வளவு பெரியது என்பதுதான் என் ஆராய்ச்சி. இவள் கதவில் சாய்ந்துகொண்டு அதன் வாசலுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு நான் பேசிக்கொண்டே இருந்தேன். கண்ணாடி எப்படி உறைந்த திரவம் மாதிரி, தேன் ஏன் குளிரில் இழுக்கிறது, இன்னும் யாருக்கும் விடை தெரியாத கேள்விகள் எத்தனை இருக்கின்றன. அவள் அம்மா உள்ளேயிருந்து, "ஏளா, சாருக்குத் தண்ணி குடு, தொண்ட வத்திப் போச்சு பாரு" என்றார்.

மேடம் பஸ் நேரத்தைச் சொன்னார். ஓய்வறையைச் சொன்னார். அம்மா உள்ளே போய் டி.சி.யை ஒரு பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து என் கையில் தந்தார். "நீங்கதான் சார் பாத்துக்கிடணும்."

"நான் பாத்துக்கிடுதேன்மா" என்றேன்.

அவளோடு பதினைந்து. திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் மேடம் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

ஜூலையில் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். மதுரைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரிக்கும் போட்டுவைத்திருந்தாளாம். கலந்தாய்வின் இரண்டாவது சுற்றில் பெயர் வந்துவிட்டது. ஹாஸ்டலும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் டி.சி.யோடு வந்து சேரச் சொல்கிறார்கள்.

"என்ன குரூப் கிடைச்சிருக்கு?"

"கெமிஸ்ட்ரிதான் சார். முதல்ல பி.காம்தான் போடுததா இருந்தேன். நீங்க வந்துட்டுப் போன பொறவு மாத்திட்டேன்."

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. நான் கல்லூரிக்கு ஆள் பிடிக்கவில்லை. பாடத்துக்குப் பிடித்திருக்கிறேன். பாடம் மதுரையிலும் இருந்தது, அங்கே நல்ல நூலகமும் எம்.எஸ்சி.யும் இருந்தன. அவள் போகவேண்டியது அங்கேதான், அதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜூலையில் புதிதாகப் பிடிக்க யாரும் மிச்சம் இல்லை, அவள் போனால் பதினான்கு.

டி.சி.யைத் திரும்பப் பெறத் துறைத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு கல்லூரிச் செயலாளர் அண்ணாச்சியின் ஒப்புதல். ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு மேடத்திடம் போனேன். படித்தார். தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சொன்னேன்ல?"

"சொன்னீங்க மேடம்."

"பதினாலுன்னா என்னன்னு தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும்."

"உங்களுக்கு வயசு இருக்கு. வெளிய போனா நாலு எடம் கேப்பீங்க. எனக்கு? இந்த வயசுல என்னைய எவன் கூப்புடுவான்?" குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பிள்ள நம்மகிட்ட படிச்சா என்ன கெட்டுப்போச்சு? நான் பாடம் எடுக்க மாட்டேனா, நீங்க எடுக்க மாட்டீங்களா? நல்லாப் படிக்கிற ஒரு பிள்ள நம்ம கிளாஸ்ல உக்காரக் கூடாதா?"

எங்கள் ஆய்வகத்தில் தராசு ஒழுங்காக நிற்காது. மூன்றாம் வருடம் நடத்த எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மணி அடித்தது. மூன்றாம் ஆண்டுக்கு வகுப்பு எடுக்கப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து கையில் இருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, நின்றுகொண்டே கேட்டார்.

"ஹாஸ்டல்ல எடம் நிச்சயம்தான?"

"நிச்சயம்னு சொல்லுதா."

"பொம்பளப் பிள்ள. போயிட்டு எடம் இல்லன்னு நடுத்தெருவுல நிக்கக் கூடாது." தாளைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். "அண்ணாச்சியப் பாக்க நான் வரல. நீங்களே போங்க."

செயலாளர் அண்ணாச்சிக்குக் கடைத்தெருவில் இரும்புக் கடை. கல்லூரியை விடக் கடையில்தான் அதிகம் இருப்பார். கம்பிக் கட்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து அவரே டீ ஊற்றித் தந்தார்.

"இந்தப் பிள்ளைய நீருதான கூட்டிட்டு வந்தீரு?"

"ஆமா அண்ணாச்சி."

"இப்ப நீரே வண்டி ஏத்தி அனுப்புதீரு."

"அங்க நல்ல எடம் அண்ணாச்சி. விட்டா திரும்பக் கிடைக்காது."

"நல்லாப் படிக்குமோ?"

"ரொம்ப நல்லா."

"அப்ப போட்டும். ஒரு பிள்ள படிப்பக் கெடுத்தாம்னு எனக்குப் பேரு வேண்டாம்." தாளில் கிறுக்கி என் பக்கம் தள்ளினார். நான் எழப் போனேன். "இரும், டீயக் குடியும். பதினாலு பேர வச்சு நான் கிளாஸ் நடத்த மாட்டேன். ஒம்ம மேல கோவம் இல்ல. போவாத சரக்க எத்தன வருசம் ரேக்குல வச்சிருக்க முடியும், நீரே சொல்லும். மத்தப் பிள்ளைகள கம்ப்யூட்டர்ல மாத்திருவோம்."

"அதுங்க கெமிஸ்ட்ரின்னு வந்துச்சுங்க அண்ணாச்சி."

"வந்துச்சு. என்ன செய்யச் சொல்லுதீரு?"

அவர் உண்மையாகவே கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் வேம்பாருக்குப் போய் டி.சி.யைக் கொடுத்தேன். அவள் கவரைப் பிரித்துத் தன் பெயரைப் பார்த்து, திரும்ப மூடினாள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். "உக்காருங்க சார்" என்றாள். உட்காரவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் என் மூளை சும்மா இருக்கவில்லை. ஒரு மூலக்கூறு கூண்டைவிட்டு வெளியே போய்விட்டது, மற்றவை அந்த இடத்தை எப்படி நிரப்பும் என்று கணக்குப் போட்டது. எனக்கே அருவருப்பாக இருந்தது. பிள்ளைகள் மூலக்கூறுகள் இல்லை.

அடுத்த வாரம் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பதினான்கு பேரில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். ஆறுமுகநேரியிலிருந்து வரும் ஒரு பையன் மட்டும் என்னைத் தேடி வந்தான். அவன் அப்பா ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தால் லேபில் சேர்த்துவிடலாம் என்று அங்கே யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வந்திருந்தான்.

"சார், எனக்கு கம்ப்யூட்டர் வேண்டாம்."

"தெரியும்பா."

"வேம்பார்ப் பிள்ளைக்கு டி.சி. வாங்கிக் குடுத்தீங்கல்லா? எனக்கும் வாங்கித் தாங்க."

"வாங்கிட்டு எங்க போவ?"

"எங்கயாவது கெமிஸ்ட்ரில எடம் இருக்கும்லா சார்."

இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் போன் செய்தேன். அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிட்டது. தனியார் கல்லூரி ஒன்றில் எங்களைப் போலவே வேதியியலை மூடியிருந்தார்கள். இன்னொன்றில் இடம் இருந்தது, அந்தக் கட்டணம் கட்டி அவன் அப்பாவால் அங்கே சேர்க்க முடியாது. மேடம் எதிர் மேசையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு எண்ணாக அழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தன் போனை எடுத்து, தன்னோடு படித்த ஒருவரை நாகர்கோவிலில் கூப்பிட்டுப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

அவன் ஒரு வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தான். பிறகு வரவில்லை. அப்பாவோடு அதே கம்பெனிக்கு மூட்டை ஏற்றப் போகிறான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

மேடத்தை மீதி இருந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டு வகுப்புகள் முடியும் வரை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வந்தவன் நான், அதனால் முதலில் போக வேண்டியவனும் நானே. ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருவதற்குள் எனக்கு வேலை இல்லை. இணைய விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயர் கேட்கும் இடத்தில் எதையும் போட முடியாது, போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. இப்போது ஊருக்குள் ஒரு கோச்சிங் சென்டரில் நீட் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். நாலு விடைகளில் சரியானதை வேகமாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தருகிறேன். அதில் நான் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

வேம்பார்ப் பெண் ஒருமுறை போன் செய்தாள். படிப்பு நன்றாகப் போகிறதாம், திரவங்கள் எந்த செமஸ்டரில் வரும் என்று கேட்டாள். வரும் என்றேன். அவளோடு பேசி முடித்துவிட்டு, நேரே பஸ் ஏறி ஆறுமுகநேரிக்குப் போனேன். அந்தப் பையன் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை, ஆள் பிடிக்கப் போன வீடுதானே. அடுத்த வருடமாவது சேர்ந்துவிடு, விண்ணப்பம் போட நான் கூட வருகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, வாசலை விட்டு நகராமல் கேட்டார்.

"இப்ப எந்தக் காலேஜுக்கு சார் ஆள் பிடிக்க வந்திருக்கீங்க?"